சொல்லாமல் விட்ட பாதி: எல்எல்விஎம் கையேடும் ரிஸ்க்-ஃபைவ் போர்ட்டும்

கம்பைலரைப் புது ப்ராசசருக்குப் போர்ட் செய்ய எங்கிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும், நாம் முதலில் காட்டுவது எல்எல்விஎம் திட்டத்தின் அதிகாரபூர்வ பேக்எண்ட் கையேட்டைத்தான். நானும் பலருக்குக் காட்டியிருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவர் அதைப் படித்துவிட்டு, "சார், இவ்வளவுதானா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காக மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதில் இருப்பதெல்லாம் சரிதான். ஆனா இவ்வளவுதானான்னு கேட்டா, இல்லை. வேலையில் பாதியைப் பற்றி அது பேசவே இல்லை. அந்தப் பாதியில்தான் நான் ஒரு தடவை இரண்டு வாரத்தைத் தொலைத்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்க் ப்ராசசரை உதாரணமாக வைத்து எழுதிய கையேடு அது. ரெஜிஸ்டர்களை டேபிள்ஜென் கோப்பில் எப்படி விவரிப்பது, ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனையும் எந்த வடிவத்தோடு பொருத்துவது, அசெம்ப்ளியை எப்படி அச்சிடுவது என்று படிப்படியாகப் போகிறது. ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்பும் விதிகளையும் அதே மாதிரி ஒரு அட்டவணையில் எழுதிவிடலாம் என்கிறது: முதல் ஆறு முழுஎண்கள் இந்த ரெஜிஸ்டர்களில், மீதி ஸ்டாக்கில். படிப்பவர் மனதில் பதிகிற படம் இதுதான்: ப்ராசசரைச் சரியாக வர்ணித்தால் போர்ட் முடிந்தது.

ரிஸ்க்-ஃபைவ் கதையைப் பார்த்தால் அந்தப் படம் உடைகிறது. 2016 ஆகஸ்டில் லோரிஸ்க் நிறுவனத்தின் அலெக்ஸ் பிராட்பரி எல்எல்விஎம்முக்கு ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டை முன்மொழிந்தார். முதலில் அசெம்ப்ளர், அதற்கு டெஸ்ட்கள். பிறகு கோட் உருவாக்கம், அதற்கும் டெஸ்ட்கள் என்று சின்னச் சின்ன பேட்ச்களாக அடுக்கினார். இன்றைக்கும் அந்த பேட்ச்களை வரிசையாகப் படிப்பது கையேட்டைவிட நல்ல பாடம். அந்த டார்கெட் சோதனை நிலையிலிருந்து வெளியே வந்தது 2019 செப்டம்பரில், எல்எல்விஎம் 9-ல். மூன்று வருஷம்! அடிப்படைத் தொகுதியில் ஐம்பது இன்ஸ்ட்ரக்ஷன்கூட இல்லாத ப்ராசசருக்கு இவ்வளவு நாள் ஏன்? வர்ணிப்பதற்கு அவ்வளவு ஆகாது. கணிசமான நேரம் உடன்படிக்கைகளுக்குப் போயிருக்கிறது.

உடன்படிக்கை என்று நான் சொல்வது ஏபிஐயை. தனித்தனியாகக் கம்பைல் ஆன இரண்டு ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று பார்க்காமலே, எதை எங்கே வைப்பது என்று ஒத்துப்போக வேண்டும். ப்ராசசருக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் ப்ராசசரை எவ்வளவு துல்லியமாக வர்ணித்தாலும் இது அதற்குள் வராது.

என் கதை இங்கேதான் வருகிறது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சின்ன மொழிக்கு எல்எல்விஎம் வழியாக 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் கோட் எடுத்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்86-ல் வருஷக்கணக்காக ஓடிய மொழி. ரன்டைம் சி-யில் எழுதியது. போர்டில் ஏற்றினால் ஹேஷ் டேபிளில் போட்ட சாவி திரும்பக் கிடைக்கவே இல்லை. பிழை தேடலாம் என்று ரன்டைமை ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் கிடைக்கிறது! ஆப்டிமைசேஷன் போட்டால் மறுபடி காணோம். உடனே கம்பைலர் மேல் சந்தேகம், பிறகு போர்டு மேல், கடைசியில் மெமரி மேல். இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

காரணம் இதுதான். 64 பிட் ரிஸ்க்-ஃபைவில் 32 பிட் எண்ணை ஆர்க்யுமென்டாக அனுப்பினால், ரெஜிஸ்டரின் மேல் 32 பிட்களும் அந்த எண்ணின் உச்சி பிட்டின் நகலாக இருக்க வேண்டும். எண் குறியில்லாததாக இருந்தாலும் இதே விதிதான். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் நியாயம் உண்டு: ரிஸ்க்-ஃபைவில் 32 பிட்டை மட்டும் ஒப்பிடும் பிராஞ்ச் இன்ஸ்ட்ரக்ஷன் கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி நீட்டி வைத்தால் 64 பிட் ஒப்பீடே போதும். எங்கள் மொழி 64 பிட் ஹேஷைக் கணக்கிட்டு, 32 பிட்டாக வெட்டி, ரன்டைமுக்கு அனுப்பியது. வெட்டுவது என்றால் எல்எல்விஎம்முக்கு "மேல் பிட்களைக் கண்டுகொள்ளாதே" என்று அர்த்தம். அவை குப்பையோடு அப்படியே போயின. சி பக்கம் உடன்படிக்கையை நம்பி முழு ரெஜிஸ்டரையும் ஒப்பிட்டது. ஆப்டிமைசேஷன் இல்லாதபோது ஆர்க்யுமென்டை ஸ்டாக்கில் 32 பிட்டாக எழுதித் திரும்பப் படித்ததால் குப்பை தானாக உதிர்ந்தது. எக்ஸ்86-ல் 32 பிட் ஒப்பீடு இருப்பதால் பிரச்சினையே எழவில்லை.

திருத்தம் என்ன தெரியுமா? அந்த ஆர்க்யுமென்டின் மேல் "குறியோடு நீட்டு" என்று ஒரே ஒரு அட்ரிப்யூட். அதை எழுத வேண்டியது நாங்கள், அதாவது ஃப்ரன்ட்எண்ட். பேக்எண்ட் அல்ல.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். எல்எல்விஎம்மின் இடைநிலை மொழியில் 32 பிட் எண் என்றால் வெறும் 32 பிட். அதற்குக் குறி உண்டா இல்லையா என்ற தகவல் இல்லை. ஸ்ட்ரக்சரும் இப்படித்தான் சிதைகிறது. ரிஸ்க்-ஃபைவின் ஹார்ட்-ஃப்ளோட் ஏபிஐயில் ஒரு டபுளும் ஒரு இன்ட்டும் உள்ள ஸ்ட்ரக்சரை ஒரு மிதவைப்புள்ளி ரெஜிஸ்டர், ஒரு முழுஎண் ரெஜிஸ்டர் என்று பிரித்து அனுப்ப வேண்டும். ஆனால் இரண்டும் காலியாக இருந்தால் மட்டுமே. ஒன்று இல்லை என்றாலும் முழு ஸ்ட்ரக்சரும் வேறு வழியில் போகும். பேக்எண்டுக்கு வந்து சேரும்போது அவை தனித்தனி எண்கள்; ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியாது. அதனால் எந்த ரெஜிஸ்டர் காலி என்ற கணக்கைக் கிளாங் தானே வைத்துக்கொள்கிறது. ரஸ்ட் கம்பைலரும் அதே கணக்கைத் தனியாக இன்னொரு முறை எழுதி வைத்திருக்கிறது. கையேடு சொன்ன அட்டவணைக் கோப்பை ரிஸ்க்-ஃபைவ் பேக்எண்டில் திறந்து பாருங்கள்: ஃபங்ஷன் காப்பாற்றித் தர வேண்டிய ரெஜிஸ்டர்களின் பட்டியல் இருக்கும். ஆர்க்யுமென்ட் விதிகள் சி++ கோடில் இருக்கின்றன.

ஜிசிசி இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அதன் பேக்எண்ட் ஃபங்ஷன்களுக்கு மூல மொழியின் டைப் தகவலும் கையில் கிடைக்கிறது. போர்ட் செய்பவர் விதியை ஒரு தடவை எழுதினால் சி, ஃபோர்ட்ரான், அடா எல்லாவற்றுக்கும் அதுவே. ஆனா அதற்கு ஒரு விலையும் உண்டு. அங்கே மொழிகளும் பேக்எண்டும் ஒரே கூரையின் கீழ். வெளி ஆள் உள்ளே வருவது கஷ்டம். எல்எல்விஎம் அந்தக் கதவைத் திறந்து வைத்ததால்தான் எங்களைப் போல நாலு பேர் கொண்ட குழுவாலும் ஒரு மொழி செய்ய முடிந்தது. டைப்பை மறக்கிற இடைநிலை மொழிதான் அந்தக் கதவு. அதை நான் குறை சொல்லவில்லை.

திறந்த கதவுக்கு உள்ளே ஒரு பள்ளம் இருக்கிறது என்று பலகை வைக்காததைத்தான் குறை சொல்கிறேன். ரிஸ்க்-ஃபைவ் ஏபிஐ ஆவணமும் இதில் தப்பவில்லை. என் இரண்டு வாரத்தைத் தின்ற விதி அதில் ஒரே ஒரு வாக்கியம். ஏபிஐ வேலையைத் தனி நூலகமாக்கி எல்லா ஃப்ரன்ட்எண்டுக்கும் பொதுவாக வைக்கும் முயற்சி எல்எல்விஎம்மில் 2025-ல் தொடங்கியிருக்கிறது. அது நிறைவேறினால் இந்தப் பதிவின் பாதி பழசாகிவிடும். சந்தோஷம்தான்.

அதுவரைக்கும் அந்த மாணவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன். கையேட்டைப் படி. பிறகு பிராட்பரியின் பேட்ச்களைப் படி. உன் பேக்எண்டில் முதல் புரோகிராம் ஓடியதும் கொண்டாடாதே. பாதி ஃபங்ஷன்களை ஜிசிசியிலும் மீதியை உன் கம்பைலரிலும் கம்பைல் செய்து, இரண்டையும் லிங்க் பண்ணி ஓட்டு. உச்சி பிட் 1 ஆக இருக்கிற குறியில்லா எண்களை அனுப்பு. ரெஜிஸ்டர் தீர்ந்துபோகும் அளவுக்கு ஸ்ட்ரக்சர்களை அனுப்பு. இதை ஆப்டிமைசேஷனோடும் இல்லாமலும் செய். அதில் தேறினால் அப்புறம் என்னிடம் வந்து "இவ்வளவுதானா"ன்னு கேள், ஆமாம்னு சொல்றேன்.