கண்ணைத் தேடும் கதை

கண்ணின் கூர்ப்பைக் கல்லூரி மாணவர்க்கு உணர்த்த, அமெரிக்க ஜுனியாட்டாக் கல்லூரி உயிரியல் ஆசிரியர் ஜே ஹொஸ்லர் 2008இல் வெளியிட்ட சித்திரக் கதைநூல் ‘ஒப்டிகல் அலூஷன்ஸ்’. கிரேக்கப் புராண மூதாட்டியர் மூவருக்கும் பொதுவான ஒற்றைக் கண்ணைத் தொலைத்த ஏவலன் அதனைத் தேடி அலைவதே கதை.

ஒளியுணர் படலம் குழிந்து கிண்ணமாகி, வாய் ஒடுங்கி, வில்லை பெற்ற படிமுறையை விளக்கச் சித்திரமே ஏற்ற கருவி. ஆயின், தேடுவோனுக்குக் குறிக்கோள் உண்டு. கூர்ப்புக்கோ அஃது இல்லை. மாறல்களுள் வாழ்வுக்கு உதவியவை நிலைபெற்றன, அவ்வளவே. இவ்வேறுபாட்டைக் கதை தானே உணர்த்தாது. கதைகளினிடையே அமைந்த உரைநடை விளக்கமே உணர்த்தவல்லது. அதனை விடுத்துச் சித்திரம் மட்டும் பார்ப்போன் நகைப்பான், கற்கான்.

கந்தளாய்க் குளத்து மீனின் விழியைப் பிளந்து, அதன் உருண்டை வில்லையைக் கையிலேந்தி நோக்குமாறு மாணவனைத் தூண்டுமாயின், அக்கதை தன் கடனை முடித்ததாகும்.