எந்தத் தோட்டம்?

பதுளை பஸ் நிலையத்தில் பசறை பஸ் நிறைந்துவிட்டது, ஆனால் எடுக்கவில்லை. ஒரே சீட்டில் முன்பின் தெரியாத மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சாகிவிடுகிறது. கர்வம் என்றோ கோபம் என்றோ பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சங்கடத்தை உடைக்க இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டப்புறத் தமிழர் கையாளும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்க எந்தத் தோட்டம்?" ஆஸ்பத்திரி வரிசையிலும், சாவு வீட்டு வாசலிலும், அப்புத்தளை ஏற்றத்தில் ஊர்ந்து போகும் ரயிலிலும் இதே கேள்விதான். சும்மா கேட்பதாகவே எல்லோரும் நினைக்கிறோம். சும்மா கேட்கும் கேள்வியல்ல இது. இதன் பலமும் பழுதும் அங்கிருந்துதான் வருகின்றன.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் இப்படிப்பட்ட பேச்சுக்கு ஒரு விளக்கம் தந்தார். இதில் சொல்லின் பொருள் முக்கியமல்ல, பேசுவதால் உண்டாகும் சேர்க்கைதான் முக்கியம் என்பது அவர் கருத்து. "சாப்பிட்டாச்சா?" என்ற நம் விசாரிப்புக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், என்ன கறி என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் "எந்தத் தோட்டம்?" என்பதற்கு வரும் பதில் அந்த இடத்திலேயே பயன்படுத்தப்படுகிறது. தெரு இல்லை, வீட்டு இலக்கம் இல்லை, கடிதம்கூடத் தோட்டத்து ஆபிசுக்கு வந்து சேர்வதுதான் வரிசை வீடுகளான லயத்து வாழ்க்கையின் நெடுநாள் வழக்கம். அங்கே தோட்டம், டிவிஷன், லயம் என்பவையே ஓர் ஆளின் விலாசம். "ஸ்பிரிங்வெளியா? எந்த டிவிஷன்?" என்று இரண்டாவது கேள்வி போவதற்குள் இருவருக்கும் தெரிந்த ஒருவர் அகப்பட்டுவிடுவார். அதன் பிறகு அவர்கள் அந்நியர் அல்லர். சிங்களத்தில் மட்டும் இருக்கும் படிவத்தை நிரப்பத் தெரியாமல் நிற்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் நிற்பவர் எழுதிக் கொடுப்பதும், மருந்து எடுக்கப் போனவளின் குழந்தையை இன்னொருத்தி வாங்கி வைத்துக்கொள்வதும் இந்த அறிமுகத்தின் பலத்தில்தான்.

மழையைப் பற்றிய பேச்சும் இங்கே வெறும் பேச்சல்ல. ஆங்கிலேயர் வானிலையைப் பேசுவது வேறு எதையும் பேசாமல் தப்பிக்க என்று கேலி செய்வார்கள். ஊவாவில் "அங்கிட்டு மழையா?" என்றால் அதற்குள் பல கணக்குகள் உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் வறண்ட காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைத் தருகிறது. அதே காற்று நீடித்தால் கொழுந்து குறையும், அன்றைக்குரிய பேரும், அதாவது முழுநாள் சம்பளமும், அரைப்பேராகலாம். வருடக் கடைசி மழை வேறு விதம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே மண்சரிவு அபாயம் இருப்பது முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு மலைச்சரிவில் வாழும் ஒருவரிடம் மழையை விசாரிப்பது நலம் விசாரிப்பதுதான்.

இனிப் பழுது. விலாசம் கேட்கும் கேள்வி ஆளை எடையும் போடும். கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து சொந்தத்தையும் சாதியையும் சேர்த்தே ஆள் திரட்டி வந்தார்கள். ஆகவே தோட்டத்திலிருந்து டிவிஷனுக்கும் அங்கிருந்து லயத்துக்கும் கேள்வி இறங்க இறங்க, கேட்பவர் வாய்விட்டுக் கேட்காத ஒன்றுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. அரசும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது, பத்திரம் காட்ட முடியாத லட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பங்கு பிரித்தது. அந்தப் பரம்பரையில் வந்தவர்களுக்கு "சொந்த ஊர் எது?" என்பது சுலபமான கேள்வியல்ல. இன்று கொழும்புக் கடையிலோ ஆபிசிலோ வேலை செய்யும் பிள்ளைகள் பலர் "பதுளை டவுன்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சின்னப் பொய்யே கேள்வியின் பாரத்துக்குச் சாட்சி. இன்னொன்று: சமமானவர்களுக்குள் இல்லாதபோது இது மேலிருந்து கீழே மட்டும் பாயும் கேள்வி. வயதில் மூத்தவர் இளையவரைக் கேட்பார். தோட்டத்தை நடத்தும் துரையை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

கேட்பவர் மனதில் கெடுதல் இல்லையே என்பார்கள். உண்மைதான், பெரும்பாலும் பாசத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் நிறைந்த பஸ்ஸில் பதில் சொல்ல விரும்பாதவருக்கு எழுந்து போக வழியில்லை. எண்ணம் நல்லதாக இருப்பதால் அந்த நெருக்கடி குறைந்துவிடாது. மறுபுறம், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டால் வம்பில்லை என்றொரு கட்சி இருக்கிறது. அவர்களுக்குக் குறளிலும் ஆதாரம் உண்டு: இருபதாம் அதிகாரமே பயனில சொல்லாமை. ஆனால் பத்தாம் அதிகாரமாக இனியவை கூறலை வைத்தவரும் அதே வள்ளுவர்தான். மௌனம் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதுமில்லை. டவுன் பழக்கமுள்ளவர் பேசாமலே காரியத்தை முடித்துக்கொள்வார். மடுல்சீமையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்து, எந்த வரிசை என்று தெரியாமல் நிற்கும் அம்மாவுக்குப் பக்கத்து ஆளின் பேச்சுதான் வழி.

ஆகவே இந்த வழக்கத்தை விடச் சொல்வது தவறு. மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்தான். கேட்பதற்கு முன் தன்னைச் சொல்லலாம். "நாங்க தெமோதரைப் பக்கம். இந்த பஸ்ஸ எத்தன மணிக்குத்தான் எடுப்பாங்களோ" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டால் போதும். பக்கத்தில் இருப்பவருக்கு மனமிருந்தால் தன் தோட்டத்தைச் சொல்வார். இல்லாவிட்டால் பஸ்ஸைப் பற்றிச் சொல்வார்.