பிழையெனப்படுவது எது?
அருளுரைத் தமிழைக் குறித்து

அருளுரையில் நேரும் சொற்பிழைகளைக் கணக்கெடுப்பது நம் சபைகளில் சிலருக்கு வழக்கம். தானியேல் நூலை விளக்குகையில் 'சுவற்றில் எழுதிய கை' என்னும் போதகரை அவர்கள் பொறுப்பதில்லை. அவர்கள் கூற்று இலக்கணப்படி சரியே. கிணறு, சோறு என்பவை கிணற்றில், சோற்றில் என இரட்டிக்கும். சுவர் என்பது ரகர மெய்யில் முடிவதால் சுவரில் என்றே வரும். 'முயற்சிக்கிறோம்' என்பதற்கு 'முயல்கிறோம்' போதும். அருகுதல் என்பது குறைதலாதலின், 'அருகாமை' குறையாமையையே குறிக்கும்; அண்மையைக் குறிக்காது என்பர். இவற்றைத் திருத்திக்கொள்வதில் நமக்கு இழப்பில்லை.

ஆயினும் இவ்வளவுகோலை எங்கும் நீட்டலாமா? மரக்காணம் முதல் குயிலாப்பாளையம் வரையுள்ள கடற்கரை வட்டாரத்தில் உப்பு விளையும் நிலத்தை 'உப்பளம்' என்பர். 'அளம்' என்றாலே உப்பு விளையும் நிலந்தான். அங்ஙனமாயின் உப்பளம் என்பது, நன்னூல் விலக்கும் பத்துக் குற்றங்களுள் ஒன்றான 'கூறியது கூறல்' ஆகிறது. எனினும் அதைத் திருத்த எவரும் முன்வருவதில்லை. தனிச்சொல்லின் பொருள் மங்கியபோது பேசுவோர் அதன் முன் ஒரு விளக்கத்தைச் சேர்த்தனர். வழக்கு அதனை ஏற்றது. உப்பளத் தொழிலாளியின் வாய்ச்சொல்லுக்குத் தரும் இச்சலுகையை, அவர் ஆலயத்தில் எழுந்து செபிக்கையில் மறுப்பது எவ்வகை நீதி?

வேதாகமத் தமிழின் வரலாறும் இதையே கற்பிக்கிறது. பப்ரிசியுஸ் 'பராபரன்' என்றார். பவர் ஐயரின் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. பின்னர் லார்சன் ஐயரின் திருத்தம் 'கடவுள்' என்றது. கடைசிச் சொல்லே தமிழ்ச் சொல். ஆயினும் சபையாரில் பெரும்பாலோர் தங்கள் செபத்தில் ஊறிய 'தேவனை' விட்டுக்கொடுக்கவில்லை.

தூய்மை இயக்கத்தின் தொண்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய பணியும், கிறிஸ்தவரான தேவநேயப் பாவாணரின் (1902–1981) சொல்லாராய்ச்சியும் தமிழுக்குத் தன்மதிப்பை அளித்தன. நாம் கேட்பதெல்லாம் அக்கண்டிப்பு எங்குச் செலுத்தப்படுகிறது என்பதே.

'பாவமென்னும் குஷ்டம்' என்னும் தொடரில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆதலால் அதை எவரும் குறித்துக்கொள்வதுமில்லை. தொழுநோய்க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. அது குணமாகும் நோய்; பாவத்தின் அடையாளமன்று. அந்நோயுற்றோ குணமடைந்தோ கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் செவியில் இத்தொடர் எவ்வாறு விழும்? 'குஷ்டரோகி' என்பதைத் 'தொழுநோயாளி' என மாற்றினால் சொல் தூய்மையாகும். உவமை அப்படியே நின்றால் காயம் ஆறாது.

'சுவற்றில்' என்ற சொல்லால் எவரும் புண்படுவதில்லை. பிழைப்பட்டியல் எழுதுவோர் அதனை இரண்டாவதாக எழுதட்டும்.