மில்ஹ், உஜாஜ்: ஒரு மொழிபெயர்ப்பு நோக்கு

திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான் (25:53), ஃபாத்திர் (35:12) அத்தியாயங்களில் கடல்நீருக்கு ‘மில்ஹ்’, ‘உஜாஜ்’ என இரு அடைமொழிகள் அடுத்தடுத்து வருகின்றன. தமிழில் ‘உப்பும் கசப்பும்’ எனப் பெயர்ப்பது வழக்கம். உஜாஜ் வேறொரு சுவை என்ற எண்ணத்தை இது தருகிறது. இமாம் ராகிப் அல்இஸ்பஹானீயோ அதனை நெருப்பின் தகிப்பைச் சுட்டும் ‘அஜீஜ்’ என்ற சொல்லோடு இணைக்கிறார். மில்ஹ் நீரின் தன்மையைச் சொல்கிறது. உஜாஜ் அருந்துபவன் படும் பாட்டைச் சொல்கிறது.

மீஞ்சூர் வட்டாரத்தில் இவ்வேறுபாட்டைக் கண்ணெதிரே காணலாம். பழவேற்காடு ஏரியின் நீர் உப்பு கலந்ததே. ஆயினும் அதில் இறால் வளர்கிறது, மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன. இருவகை நீரிலிருந்தும் உணவு கிடைப்பதை ஃபாத்திர் வசனமும் நினைவூட்டுகிறது. ஆக, உப்பு குற்றமன்று. மீஞ்சூர்க் கிணறுகளின் கதை வேறு. நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டதால், 1960களின் பிற்பகுதியிலிருந்து கடல்நீர் உட்புகுந்து நன்னீர் ஊற்றுகள் கெட்டன. 2010இல் அருகிலுள்ள காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை திறக்கப்பட்டது.

குடிநீரைப் பற்றிப் பேசும் அல்வாகிஆ (56:70), மில்ஹை விட்டு உஜாஜை மட்டுமே ஆள்கிறது. அங்கே ‘உப்புநீர்’ என்றெழுதுவது போதாது. உப்புக் கரிக்கிறது, கண் கரிக்கிறது என்கிறோம். எரிச்சலையும் உப்பையும் ஒருங்கே சுட்டும் ‘கரிப்பு’ நம்மிடமே உள்ளது. ‘குடிக்கவொண்ணாக் கரிப்புநீர்’ என்றெழுதினால் வசனத்தின் எச்சரிக்கை காதில் விழும். இறைவன் நாடினால் நேரும் என்றது, மனிதக் கரங்களாலேயே நேர்ந்ததை மீஞ்சூரில் கண்டுவிட்டோமல்லவா?