படிக்கப்படாத நூல்

மதிப்புரைக்கென நான் எடுத்துக்கொண்ட நூல் காவியமன்று, புதினமுமன்று. முப்பது பிரிவுகள் கொண்ட ஒரு சட்டம்! பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் இயற்றப்பட்டு, அவ்வாண்டு டிசம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம். சட்டத்துக்கு மதிப்புரையா என நகைப்போர் நகைக்கட்டும். யாருக்காக எழுதப்பட்டதோ அவர் கைக்கு அந்நூல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதும் திறனாய்வுதானே!

இந்நூல் மாளிகையில் பிறந்ததன்று. ராஜஸ்தானத்தில் பதேரி எனும் சிற்றூர். குழந்தை மணத்தைத் தடுக்க முனைந்த அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவி, குயவர் குலத்துப் பெண். 1992இல் அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டோரை அக்குற்றத்திலிருந்து 1995இல் விடுவித்தது விசாரணை நீதிமன்றம். பெண்கள் அமைப்புகள் உச்சநீதிமன்றத்தை நாடின. 1997இல் விசாகா தீர்ப்பு பிறந்தது. தீர்ப்பு சட்டமாக வளர மேலும் 16 ஆண்டுகள்!

உழைக்கும் ஏழைப் பெண்ணின் கண்ணீரில் பிறந்த நூல், இன்று எங்கே இருக்கிறது? பெரிய அலுவலகங்களின் சுவரிலே இருக்கிறது. எங்கள் கந்தக பூமிக்கு அது வந்ததா?

சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் பொழுது புலருமுன் கம்பெனி வண்டிகள் சிற்றூர்களுக்குள் நுழைகின்றன. தூக்குவாளியுடன் ஏறும் தாய்மாரைக் கேளுங்கள்: பட்டாசு அறைக்குள் தீப்பொறி எழக்கூடாது, தீப்பெட்டி கொண்டு செல்லக்கூடாது என்ற விதிகளை மனப்பாடமாகச் சொல்வர். மருந்தைக் காக்கும் விதி தெரியும். மானத்தைக் காக்கும் விதி தெரியாது. ஏன்? முன்னதைச் சொல்லிக் கொடுத்தார்கள், பின்னதைச் சொல்லவில்லை.

மகளின் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட வந்த தாய் ஒருவர், சரம் பின்னும் தொழிலாளி, என்னிடம் சொன்னார்: "சட்டமெல்லாம் ஆபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு, டீச்சர். நாங்க கண்ட்ராக்ட் ஆளுங்கதானே!"

அவர் எண்ணியது பிழை. ஆனால் அப்பிழை அவருடையதன்று. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவரும், நாட்கூலி பெறுபவரும் பணியாளரே என்கிறது இச்சட்டம். முதலாளி அனுப்பும் வண்டியும் பணியிடமே என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் முதலாளி உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும். அதற்குத் தலைமை ஏற்பவர் பெண்ணாகவே இருக்க வேண்டும். பத்துக்குக் குறைந்தாலோ, புகார் முதலாளியின் மீதே என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழு விசாரிக்க வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் புகாரை எழுதக் குழுவே உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். இவற்றையெல்லாம் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைப்பதும் முதலாளியின் கடமை.

நூலின் நிறைகள் இவை. குறை இல்லையா? உண்டு. மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டுமாம். குழு மனம் வைத்தால் இன்னும் மூன்று மாதம். நாளைய கூலிக்கு அஞ்சி வாய் மூடியிருப்பவளுக்கு இக்கெடு போதுமா? முதலாளி நியமிக்கும் குழுவிலே வெளியார் ஒருவர்தாம். ஏனையோர் அவரிடமே ஊதியம் பெறுவோர். அவர்கள் அஞ்சாது தீர்ப்பளிப்பரா? குழுவே அமைக்காதவருக்கு அபராதம் ரூ.50,000 வரை, பெருமுதலாளிக்கு அது பெருந்தொகையா? நாட்டின் 30 விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16இல் முறையான குழு இல்லை என்ற செய்தியை 2023இல் உச்சநீதிமன்றமே சுட்டிக்காட்டியது. பெரியோர் நிலையே அதுவென்றால், கரிசல் காட்டுக் கொட்டகைகளில் என்ன நிலை என்று தேடிப் பார்ப்பவர் யார்?

இவற்றினும் பெரிய தடை நம் மனத்திலே இருக்கிறது. கை நீட்டியவன் நிமிர்ந்து நடக்கிறான். நீட்டப்பட்டவள் தலை குனிகிறாள். "இவள் ஏன் அங்கே நின்றாள்?" என்று ஊர் கேட்கிறது. கற்பைப் பெண்ணுக்கு மட்டும் விலங்காகப் பூட்டியதைத்தானே 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலில் பெரியார் சாடினார்!

வழியுண்டு என்பதைத் திண்டுக்கல் காட்டியது. அங்கே ஆடை ஆலைப் பெண் தொழிலாளி ஒருவர் 2021இல் கொல்லப்பட்டதை அடுத்துப் போராட்டம் எழுந்தது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022இல் ஆலை நிர்வாகத்துடன் உடன்பாடு கண்டது. துன்புறுத்தலைக் கண்காணிக்கத் தொழிலாளப் பெண்களே பயிற்சி பெற்றனர். ஏட்டில் இருந்த சட்டம், சங்கம் சேர்ந்ததும் எழுந்து நடந்தது!

1931இல் சுயமரியாதை மாநாடு கூடிய ஊர் எங்கள் விருதுநகர். அம்மண்ணிலே ஒரு தாய், "சட்டம் எங்களுக்கில்லை" என்று சொல்லலாமா? படித்தவர்களே, இந்நூலை எளிய தமிழில் எழுதுங்கள். வண்டி நிற்கும் இடத்திலும், கூலி வாங்கும் இடத்திலும், பள்ளிச் சுவரிலும் ஒட்டுங்கள். அந்தத் தாய் அடுத்த முறை வரும்போது அவர் கையில் கொடுக்க நான் ஒரு படி எழுதி வைத்திருக்கிறேன். அவர் மகளே அதை அவருக்குப் படித்துக் காட்டுவாள்.