ரெண்டு தட்டு இடைவெளி

தட்டச்சு கத்துக்கப் போன முதல் வாரமே மாஸ்டர் சொன்ன சட்டம் இது. காற்புள்ளிக்குப் பிறகு ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்குப் பிறகு ரெண்டு தட்டு, புள்ளிக்கு முன்னால் இடைவெளி விடவே கூடாது. விட்டால் தாளை உருவிக் கிழித்துப் போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தமிழ் லோயர் பாஸ் பண்ணிவிட்டால் ஏதாவது ஓர் ஆபீசில் ஒண்டிக்கொள்ளலாம் என்று காலனியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவன் ஏன் என்று கேட்க முடியுமா?

காரணம் பிறகுதான் தெரிந்தது. ஆங்கிலத் தட்டச்சு எந்திரத்தில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஐ என்ற ஒல்லி எழுத்தும் எம் என்ற தடித்த எழுத்தும் ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்படி எல்லாமே இடைவெளியோடு கிடக்கும் வரியில் வாக்கியம் முடிந்தது கண்ணில் படவேண்டுமானால் கூட ஒரு தட்டு வேண்டியிருந்தது. அதற்கு முன்பே ஆங்கில அச்சகங்களில் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவில் அகலமாக இடம் விடும் பழக்கம் இருந்தது. அந்த வழக்கத்தைத்தான் எங்கள் மாஸ்டர் தமிழ் எந்திரத்துக்கும் சட்டமாக்கியிருந்தார். கம்ப்யூட்டர் வந்தபிறகு எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிறது, ஒரு தட்டு போதும் என்றாகிவிட்டது. ஆனால் தமிழுக்கு இதில் தனியாக ஒரு நியாயம் உண்டு என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் அடுத்த வாக்கியம் பெரிய எழுத்தில் தொடங்கும். தமிழில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. (எழுத்திலாவது அந்த பேதம் இல்லாமல் போச்சே!) ஒரு பொடிப் புள்ளியும் அதன் பக்கத்து வெற்றிடமும் மட்டும்தான் அடையாளம்.

அந்தப் புள்ளியையும் நம்ப முடியாது. கையெழுத்துப் பிரதியை ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் போட்டவர்களுக்குத் தெரியும். முற்றுப்புள்ளியைக் கொஞ்சம் அழுத்தி அடித்தால் மெழுகுத்தாள் ஓட்டையாகி மை கொட்டும், மெதுவாக அடித்தால் ஒன்றுமே விழாது. நாங்கள் கொண்டுவந்த துண்டறிக்கைகளில் பாதி வாக்கியங்கள் முடியாமலேயே ஓடிக்கொண்டிருந்தன. படித்தவர்கள் யாரும் புரியவில்லை என்று சொன்னதில்லை.

ஏன் புரிந்தது? ஓலைச்சுவடியைப் பாருங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது, மெய்யெழுத்தின் தலையில் புள்ளிகூட பெரும்பாலும் இருக்காது, குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கே பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் வந்து வடிவம் திருத்த வேண்டியிருந்தது. அச்சோடு வந்த நிறுத்தக் குறிகளை உரைநடையில் நிலைக்க வைத்தவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். அதற்கு முன்பு தமிழ் எதை வைத்து நின்றது? வினைமுற்று வந்தால் வாக்கியம் நிற்கும். வந்து, போய், கேட்டு என்று எச்சம் வந்தால் ஓடும். ஒருவர் பேச்சை இன்னொருவர் சொல்கிறார் என்பதற்கு 'என்று' இருக்கிறது, எங்கள் பேச்சில் அது 'ன்னு'. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, மேற்கோள் குறி மூன்றின் வேலையையும் வாய் தானாகவே செய்துகொள்கிறது.

இதைச் சொன்னதும் ஓலைக்கே திரும்பிப் போவோம், குறிகள் எல்லாம் வெள்ளைக்காரன் சதி என்று கிளம்பும் பண்பாட்டுக் காவலர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை. ஓலை நம்மிடமும் இருந்தது. தன் பாட்டனார் கந்தப்பன் திருக்குறள் ஓலைகளைத் துரைமார்களிடம் கொடுத்து அச்சேற வழி செய்ததை அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். அந்தப் பேரன் 1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வாரப் பத்திரிகையை நடத்தியது அச்சு எந்திரத்தை நம்பித்தான். குறி வேண்டுமா வேண்டாமா என்பது என் கேள்வியே கிடையாது. யார் பேச்சுக்கு யார் குறி போடுவது என்பதுதான் இங்கே விவகாரம்.

1996இல் எங்கள் பெரியம்மாவின் பேச்சை கேசட்டில் பதிவு செய்தேன். அறுப்புக் கூலிக்குக் களத்தில் காத்திருந்த கதை. அவர் பேசியது பேசியபடி இது:

களத்துல நெல்லத் தூத்திட்டு நிக்கிறோம் வா போன்னு ஒரு வார்த்த கெடையாது பொழுது எறங்கிப் போச்சு அளந்து வுடுங்க சாமின்னு கேட்டதுக்கு நாளைக்கு வாங்கடின்றான் புள்ள பசிக்குதுன்னு அழுவுமேன்னேன் அழுதா அழுவட்டும்ன்றான் அழுதா அழுவட்டுமா

ஒரு பத்திரிகைக்கு அனுப்ப இதைத் தட்டச்சு செய்தேன். லோயர் பாஸ் பண்ணின கை சும்மா இருக்குமா? வெட்டி வெட்டிப் புள்ளி வைத்தேன். 'ன்றான்' எல்லாம் 'என்றான்' ஆனது. ஆண்டையின் பேச்சுக்கு மேற்கோள் குறி, பெரியம்மாவின் பேச்சுக்கு மேற்கோள் குறி. கடைசி வரியையும் குறிக்குள் அடைத்து, பக்கத்தில் கேள்விக்குறியும் வைத்து, '"அழுதால் அழட்டுமா?" என்றேன் நான்' என்று முடித்தேன். எதிர்க்குரல் கிடைத்துவிட்டது என்று எனக்கு ரொம்பப் பெருமை.

வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். பெரியம்மா வெத்தலையை மெல்றதை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அத நான் அவங்கிட்ட சொல்லலியே தம்பி. சொல்லியிருந்தா அன்னிக்கே தோலை உரிச்சிருப்பானே. ஒங்கிட்டத்தான சொன்னேன்."

கேசட்டைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். 'அழுவட்டும்ன்றான்' என்றபிறகு டேப்பில் கொஞ்ச நேரம் குரலே இல்லை. எங்கோ கோழி கத்துகிறது. அதற்குப் பிறகுதான் 'அழுதா அழுவட்டுமா' வருகிறது, குரலும் இறங்கி வருகிறது. முப்பது வருஷம் கழித்து, திண்ணையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேட்டது அது. நான் போட்ட ஒரு சோடி மேற்கோள் குறி அதைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் வைத்துவிட்டது. அவர் பேசாமல் நின்ற நிமிஷத்தையே காணாமல் அடித்துவிட்டேன். சாட்சியத்தில் இது பொய். நல்ல எண்ணத்தோடு சொன்ன பொய் என்றாலும் பொய்தான்.

நம் இதழ்களிலும் தொகுப்புகளிலும் வரும் பிரதிகளை அதற்கப்புறம் வேறு கண்ணோடு படிக்கிறேன். கதைசொல்லி சுத்தத் தமிழில் நடப்பார். சேரிக்காரர் வாயைத் திறந்ததும் ரெண்டு பக்கமும் வேலி விழும். வேலிக்கு உள்ளே கொச்சை, வெளியே இலக்கணம். அதைவிட மோசம், சுத்தத் தமிழ் வரியின் நடுவே நம் சொல் ஒன்று வந்துவிட்டால் அதற்கு மட்டும் ஒற்றை மேற்கோள் போடுவது. 'கூழ்', 'தொரட்டி', 'நடவாளு' என்று. இடுக்கியால் தூக்கிப் பிடித்துக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. எழுதியவர் தலித்தாக இருந்தாலும் இதைச் செய்கிறார், நானே செய்திருக்கிறேன். பள்ளிக்கூடம் நம் கையில் கொடுத்த இடுக்கி அது.

1992இல் வந்த பாமாவின் 'கருக்கு' இந்த வேலியைப் பிடுங்கியது. கதையை நடத்திப் போகிற மொழியே பேச்சு. வெளியே நின்று நல்ல தமிழில் விளக்கம் சொல்ல அங்கே ஆள் கிடையாது. அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் தன் முன்னுரையில் பாமா எழுத்துத்தமிழின் இலக்கணத்தை மீறுவதையும் சொற்களை வேறுமாதிரிச் சேர்த்து எழுதுவதையும், அதனால் தமிழில் வாசிக்கும் முறையே மாற வேண்டியிருப்பதையும் சுட்டிக்காட்டுகிறார். பெரும்பாலான விமர்சகர்கள் வட்டார வழக்கு என்று ஒரு வார்த்தையில் கடந்துபோன இடம் அது. எந்தச் சொல்லை எதோடு ஒட்டுவது, எங்கே விடுவது என்பது மூச்சைப் பொறுத்தது. 'சொல்லிவிட்டுப் போய்விட்டான்' என்பதில் நன்னூல் படித்தவரின் நிதானம் இருக்கிறது. 'சொல்ட்டுப்போய்ட்டான்' என்பதில் சொன்னவன் நிற்காமல் போனது தெரிகிறது. அங்கே இடைவெளி விட்டால் ஆள் நின்றுவிடுவான்.

இதற்கும் எல்லை உண்டுதான். குறியே இல்லாமல் இருபது பக்கம் ஓடினால், புதிதாகப் படிக்க வந்த பையனும் பெண்ணும் பாதியில் வைத்துவிடுவார்கள். நம் சாட்சியத்தை நம் சனமே படிக்க முடியாமல் செய்வதில் என்ன புரட்சி இருக்கிறது? பெரியம்மாவின் பேச்சில் சில இடங்களில் காற்புள்ளி வேண்டும், நான் வைத்தேன். 'ன்னு' இருக்கும் இடத்தில் மேற்கோள் குறி தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன். கடைசி வரிக்குக் கேள்விக்குறி கிடையாது. அதற்கு முன்னால், கோழி கத்திய இடத்தில், ஸ்பேஸ் பாரை எட்டுத் தட்டு தட்டினேன். அந்த நேரத்தைக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று புள்ளி வைக்கலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். மூன்று புள்ளி சினிமாத்தனமாக இருக்கும், பெரியம்மா அப்படி இழுத்துப் பேசுகிறவர் இல்லை.

இதழ் அச்சாகி வந்தது. பிரித்துப் பார்த்தேன். எட்டுத் தட்டைக் காணோம். 'அழுவட்டும்ன்றான் அழுதா அழுவட்டுமா' என்று ஒரே மூச்சில் ஓடியிருந்தது. டிடிபி பண்ணிய தம்பியைக் கேட்டேன். அவரும் நம்ம பையன்தான். பக்கம் கட்டுவதற்கு முன்னால் ரெண்டு இடைவெளி எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து ஒன்றாக்கிவிடச் சொல்லி உத்தரவாம், எல்லா மேட்டருக்கும் அப்படித்தானாம், ஒரு நிமிஷ வேலைதானாம். "ஏதோ தெரியாம தட்டிட்டீங்கன்னு நெனச்சேண்ணே" என்றார்.