பட்டினி போட்டால் பாசி சாகுமா?

பவளத்துக்காக வைத்த கடல்நீர்த் தொட்டியில் முதலில் செழிப்பது பாசிதான். முதல் சில வாரங்களில் மணல்மேல் பழுப்புத் தூளாக டயட்டம் படியும். அது ஒதுங்கும்போது பாறையில் பச்சை முடிப்பாசி கிளம்பும். பிறகு மணலில் கருஞ்சிவப்பு ஏடாக சயனோபாக்டீரியா. பாசி என்று எல்லோரும் சொன்னாலும் அது பாக்டீரியா இனம். லைட், பம்ப், உப்பு என்று பணத்தைக் கொட்டியவருக்கு இந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும். கடையிலும் சக ஆர்வலர்களிடமும் விசாரித்தால் கிடைக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாசியைப் பட்டினி போடு.

அதாவது மீனுக்கு இரை குறை. கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை ராப்பகலாக ஓட்டு. பாஸ்பேட்டை உறிஞ்ச இரும்பு ஆக்சைடு குருணை போடு. நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியா பெருக வோட்கா விடு. (கிண்டல் இல்லை, மில்லிலிட்டர் கணக்கில் நிஜமாகவே விடுகிறார்கள்.) நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தைத் தொட்டால் பாசிக்குத் தின்ன எதுவும் இராது, செத்துப்போகும் என்பது கணக்கு. இந்த வைத்தியத்தில் பாதி சரி. மறுபாதிதான் புதுத் தொட்டிகளைக் கெடுக்கிறது.

சரியான பாதி, தொட்டிக்குள் போகும் தண்ணீரைப் பற்றியது. டயட்டத்தின் ஓடு சிலிகாவால் ஆனது. சிலிகா குழாய்த் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் தாராளமாக வரும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் எந்த ஆர்.ஓ.? நம் சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் எந்திரங்கள் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. குடிக்கச் சப்பென்று இருக்கக்கூடாது என்பதற்காக, சவ்வு வழியே போகாத தண்ணீரில் கொஞ்சத்தை அது திரும்பக் கலந்துவிடும். போதாக்குறைக்கு மினரல் கேட்ரிட்ஜ் வேறு. குடிநீருக்கு இதெல்லாம் சரி. பவளத் தொட்டிக்கோ, எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே கையால் ஊற்றுவதாகும். நல்ல சவ்வும் சிலிகாவை முழுக்க நிறுத்தாது, பின்னால் டி.ஐ. ரெசின் வேண்டும். ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிகாதான், டி.டி.எஸ். மீட்டருக்கு அது அவ்வளவாகத் தெரிவதும் இல்லை. வெயில் காலத்தில் தொட்டியைக் குளிர்விக்க மேலே ஃபேன் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். ஈடுகட்ட நாள்தோறும் ஊற்றும் வாளியில் இருப்பதெல்லாம் உள்ளேயே தங்கிச் சேரும்.

இந்த வாசலை அடைத்துவிட்டால், உள்ளே வந்த சிலிகா தீர்ந்ததும் டயட்டம் பெரும்பாலும் தானாகவே ஓய்ந்துவிடும். அதற்கு மருந்து வாங்குவது வீண் செலவு.

இனி சறுக்கும் பாதி. பவளத்திட்டுகளைச் சூழ்ந்த கடல்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகக் குறைவு, அதனால்தான் அங்கே பாசி இல்லை என்று பட்டினி வைத்தியத்துக்கு நியாயம் சொல்வார்கள். முதல் கூற்று உண்மை. இரண்டாவது அதிலிருந்து வராது. 1983-84இல் கரீபியன் கடலில் டயடெமா எனும் நீள்முள் கடல் முள்ளெலி ஒரு கொள்ளைநோயில் 90 சதவீதத்துக்கு மேல் மடிந்தது. ஜமைக்காவில் பாசி மேயும் மீன்களை அதற்கு முன்பே மிதமிஞ்சிப் பிடித்துவிட்டிருந்தார்கள். 1980இல் ஆலன் புயலும் பவளத்தை நொறுக்கியிருந்தது. 1970களின் பிற்பகுதியில் அடித்தளத்தில் பாதிக்கு மேல் பவளம் இருந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் சுமார் 3 சதவீதம் மிஞ்சியது; பாசியோ 4 சதவீதத்திலிருந்து 92 ஆனது என்று பவள ஆய்வாளர் டெரி ஹியூஸ் 1994இல் எழுதினார். நிலத்திலிருந்து வந்த உரச்சத்தும் காரணம் என்று எதிர்வாதம் செய்தவர்களும் உண்டு. அந்த வாதத்துக்கு இடம் கொடுத்தாலும், மேய்ச்சல் நின்ற இடத்தில் பாசி மேலேறியது என்பதை மறுக்கமுடியாது. திட்டில் பாசி முளைக்காமல் இல்லை. முளைத்த வேகத்தில் கிளிமீனும் முள்ளெலியும் நத்தையும் சுரண்டித் தின்கின்றன. புதுத் தொட்டியில் குறைவாக இருப்பது இந்த வாய்களும், பாறையில் இடம்பிடித்து உட்காரும் மற்ற உயிர்களும்தான்.

அடுத்து, டெஸ்ட் கிட் சொல்லும் பொய். கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறவேண்டும், ஏறவில்லை. பூஜ்யம் என்று குறித்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே பாறை முழுக்க முடிப்பாசி ஆடிக்கொண்டிருக்கிறது! பாஸ்பேட் இல்லாமல் இல்லை. வந்ததை வந்தவுடன் பாசி தின்றுவிடுகிறது. குப்பிக்கு மிச்சம் வைப்பதில்லை. பாறையின் கதையும் இதற்குத் தோதானது. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்தால் மெல்ல விடும். குருணை போட்டதும் அளவு இறங்கி, சில நாளில் பழையபடி ஏறுவது இதனால்தான். குருணை கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு டப்பா வாங்குவார்கள்.

இதையும் மீறி விடாப்பிடியாகப் பூஜ்யத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? முடிப்பாசி ஒழியலாம். காலியான இடத்துக்கு டைனோஃபிளாஜெல்லேட் வரும். பழுப்புச் சளி, அதில் சிக்கிய காற்றுக் குமிழிகள். இரவில் மெலிந்து, லைட் போட்ட சில மணி நேரத்தில் மீண்டும் தடிக்கும். ஒளிச்சேர்க்கையோடு பாக்டீரியாவையும் விழுங்கிப் பிழைக்கத் தெரிந்த இனங்கள் இதில் உண்டு. போட்டிக்கு வரும் பாசிகள் பட்டினியில் சாகும்போது இவற்றுக்குத்தான் கொண்டாட்டம். டயட்டம்தானே என்று ஏமாறுபவர்கள் பலர். சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் வைக்கவேண்டும். ஒரு மணி நேரத்தில் தெளிந்த தண்ணீருக்குள் மறுபடி இழை இழையாகத் திரண்டால் பெரும்பாலும் டைனோதான். இதில் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற வகை நஞ்சுள்ளது. மேய்ந்த நத்தைகள் செத்து விழும். 2005இல் இத்தாலியின் ஜெனோவாக் கடற்கரையில் இது பெருகியபோது, காற்றோடு வந்த திவலையைச் சுவாசித்தே இருநூறு பேரளவில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

டைனோவுக்குச் செய்யும் பரிகாரத்தைப் பார்த்தால் பட்டினி வைத்தியத்தின் மேல் நம்பிக்கை போய்விடும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வாங்கி ஊற்றுகிறார்கள். சிலர் சிலிகா ஊற்றி, விரட்டிய டயட்டத்தையே போட்டிக்குத் திரும்ப அழைக்கிறார்கள். ஆஸ்ட்ரியோப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதப்பதால் யு.வி. விளக்கில் சிக்கும், மணலை விட்டு எழும்பாத ஆம்ஃபிடினியம் சிக்காது. பட்டினி பவளத்தையும் சும்மா விடாது. நைட்ரேட் இருக்க பாஸ்பேட் மட்டும் வற்றிப்போனால் பவளம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் எளிதில் வெளிறிவிடும் என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வீடன்மான் குழு 2013இல் காட்டியது. குருணை வைத்தியம் அச்சாக அந்த நிலையைத்தான் உண்டாக்குகிறது.

அப்படியானால் மேய்ச்சலுக்கு நத்தைகளை அள்ளிப் போட்டால் போதுமா? இதிலும் அவசரம் ஆகாது. இத்தனை லிட்டருக்கு இத்தனை நத்தை என்று கணக்குப் பார்த்துக் கொட்டினால் பாசி தீர்ந்ததும் அவை பட்டினியில் செத்து அம்மோனியாவாகும். ஆஸ்ட்ரேயா வகை மணலில் கவிழ்ந்தால் தானாக நிமிரவும் திணறும். மீனில், நம் மீனவர்கள் ஓரா என்னும் குடும்பத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் நல்ல மேய்ச்சல்காரன். ஆனால் சின்னத் தொட்டி அதற்குப் பற்றாது, முள் குத்தினால் கடுக்கும்.

தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியான சம்பில் கடற்பாசி வளர்த்து, ஊட்டத்தை அதற்குத் திருப்பிவிடும் முறை எனக்குப் பிடித்தது. இதற்குக் கீட்டோமார்ஃபா போதும். காலர்ப்பா வேண்டாம். மொனாக்கோவில் கடலியல் அருங்காட்சியகத்துக்கு அடியில் 1984இல் தென்பட்ட காலர்ப்பா டாக்சிஃபோலியா மத்தியதரைக் கடலில் பரவியது. 2000இல் கலிபோர்னியாவில் தலைகாட்டியபோது தார்ப்பாயால் மூடிக் குளோரின் விட்டு அழித்தார்கள். இங்கேயும் மண்டபம் பக்கம் பயிரிட்ட கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் ஏறியது 2008இல் பதிவானது. சம்பில் கத்தரித்ததை வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடவேண்டும். சாக்கடையிலோ கடலிலோ அல்ல.

இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் எழுதிய முறையில் லைவ் ராக்கும் காற்றுக் குமிழியுமே தொட்டியைத் தாங்கின. பாறையோடு அதன் உயிர்களும் சேர்ந்து வந்தன. மன்னார் வளைகுடாவில் பவளத்தைத் தொடுவதை 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை தடுக்கிறது, அப்படித்தான் இருக்கவேண்டும். ஆகவே உயிரற்ற ட்ரை ராக்கில் தொடங்குவது நேர்மையான வழி. அதற்கு விலை, பாசி நீண்டநாள் நிற்பது. நண்பரின் பழைய தொட்டியிலிருந்து கைப்பிடி மணலும் ஒரு சின்னக் கல்லும் வாங்கிப் போட்டால் அந்தக் காலம் சுருங்கும். அதுவரை பழைய டூத் பிரஷ்ஷும் சைஃபன் குழாயும் போதும்: கல்லை வாளியில் வைத்துத் தேய்த்து, பிய்த்த பாசியைத் தொட்டிக்கு வெளியே கொட்டவேண்டும். நைட்ரேட் 5-10, பாஸ்பேட் 0.05-0.1 பி.பி.எம். என்று நின்றால் நான் கைவைக்க மாட்டேன்.

குருணைக்கும் இடம் உண்டு. பவளம் பாறையை மூடிய, பல ஆண்டு ஓடிய தொட்டியில் பாஸ்பேட் அரை பி.பி.எம். காட்டினால் போடலாம், அங்கேயும் சொன்ன அளவில் பாதியில் தொடங்கி, வாரந்தோறும் அளந்து, மெல்ல இறக்கவேண்டும். இரண்டு மாதத் தொட்டிக்காரர் வந்து நின்றாலோ பாஸ்பேட் எவ்வளவு என்று பல கடைகளில் கேட்பதே இல்லை, டப்பாதான் கைமாறுகிறது.